ஆடும் பிள்ளைக்கு இருக்கை செய்வது

முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிற ஆட்டிசப் பிள்ளைக்கு, உடைந்த நாற்காலிக்குப் பதில் அதைவிடக் கனமான ஒன்றைத்தான் எல்லாரும் முதலில் வாங்குகிறோம். அதுவும் ஆறு மாதத்தில் காலை விரிக்கும். எடை தாங்காமல் இவை உடைவதில்லை. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் முறிகிறதே, அதே கதைதான். ஒரு மணி நேரத்தில் சில நூறு தடவை இணைப்பு ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் அமுங்கினால் எந்த ஆணியும் கழன்றுவிடும்.

எனவே இருக்கை ஒன்று அசையவே கூடாது, அல்லது ஆடுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை வாங்கினால் காசுதான் வீண்.

பிளாஸ்டிக் நாற்காலியில் பின்கால் இருக்கைப் பலகையோடு சேரும் வளைவைக் கவிழ்த்துப் பாருங்கள். அங்கே நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அன்றைக்கே அதில் உட்கார வைப்பதை நிறுத்திவிட வேண்டும். அடுத்தது விரிசல், அதற்கு முன்னறிவிப்பு எதுவும் வராது. உடைந்த முனை கத்திபோல் இருக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால்கள் விரிவதால் இது இன்னும் சீக்கிரம் வரும். ரெடிமேட் சோபாவில் முதலில் போவது முதுகுச் சட்டமும் கீழே இழுத்துக் கட்டிய பெல்ட்டும்தான். மெல்லிய சட்டங்களை ஸ்டேப்ளர் பின் அடித்துச் சேர்த்திருப்பார்கள். கிறீச் சத்தம் வந்துவிட்டால் பின்கள் கழல ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். மர நாற்காலிதான் வேண்டுமென்றால், ஃபெவிகாலும் ஆணியும் மட்டும் போட்டதை வாங்காதீர்கள். மூலைகளில் ஊடுருவிப் போகும் போல்ட்டும், தானாகக் கழலாத நைலாக் நட்டும் வேண்டும்.

நிலைக்கும் இருக்கை வேண்டுமென்றால் தெருமுனை வெல்டிங் பட்டறைதான் நல்ல வழி. போவதற்கு முன் பிள்ளையை அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ளது இருக்கையின் உயரம். மெத்தை அமுங்கிய பிறகு வரும் உயரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பாதம் முழுதாகத் தரையில் பதியாவிட்டால் பிள்ளை இடுப்பை வைத்தே உந்தும், உந்த உந்த முன்னால் வழுக்கும். முதுகு சாய்ந்திருக்கும்போது இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் (பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம்) போன்ற இடங்களில், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உண்டு. அளவை ஒரு தடவை அவர்களிடம் காட்டிவிடுவது நல்லது.

பட்டறையில் கேட்க வேண்டியது ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம். இருக்கை 14 இஞ்ச் ஆழம் என்றால் கால்கள் தரையில் 24 இஞ்ச் நீளத்துக்குப் பரவ வேண்டும், இருக்கையைத் தாண்டி நீளும் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி முதுகுக்குப் பின்னால் போகட்டும். பின்னால் கவிழ்வதை எடையைவிட இந்த நீட்சிதான் தடுக்கும். முன்காலையும் பின்காலையும் தரையோடு ஒட்டி ஒரே சட்டத்தால் இணைத்துவிட்டால் கால் விரியாது. வெல்டிங்கைப் பொட்டு வைத்தமாதிரி நாலு இடத்தில் மட்டும் வைக்காமல் சுற்றிலும் முழுதாக ஓட்டச் சொல்லுங்கள். முதுகுச் சட்டம் இருக்கையைச் சந்திக்கும் மூலையில் இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைக்க வேண்டும். “குழந்தை உட்காருறதுதானே சார், எதுக்கு இவ்வளவு?” என்பார் பட்டறைக்காரர். வைக்கச் சொல்லுங்கள்.

பலரும் கோட்டை விடுவது காலின் அடியில் மாட்டும் ரப்பர் புஷ்ஷில். குழாயின் திறந்த வாய் உள்ளிருந்தே ரப்பரை வட்டமாக வெட்டிவிடும். இரண்டு வாரத்தில் இரும்பு தரையைக் கீறும், சத்தமும் வரும், கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருவார். குழாய் வாயைத் தகடு வைத்து அடைத்த பிறகு புஷ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முதுகுப்பக்கம் பிள்ளையின் தலைக்கு மேல் நாலு இஞ்ச் போக வேண்டும். பிடரியோடு நின்றால், பின்னால் சாயும் ஒவ்வொரு தடவையும் மேல்சட்டம் தலையில் இடிக்கும். சுவரில் ஆங்கர் அடித்து இறுக்கலாமே என்று தோன்றும். ஆட்டத்தில் போல்ட் துளையை அகலமாக்கிப் பூச்சைப் பெயர்த்துவிடும். சுவரோடு ஒட்டிப் போட்டு நடுவில் ஒரு ஃபோம் மேட் செருகினால் போதும்.

மெத்தைக்கு அடியில் இரண்டு இஞ்ச் ரப்பர் காயர், மேலே இரண்டு இஞ்ச் 40 டென்சிட்டி ஃபோம். கடைக்காரர் 32 எடுத்துக் கொடுப்பார்; தொட்டால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், சில மாதத்தில் 32-இல் குழி விழும். ரெக்சின் துடைக்க வசதி, ஆனால் நம் வெயிலுக்குத் தொடை ஒட்டும், பிறகு உரியும். உரிந்ததைப் பிய்ப்பதே பிள்ளைக்கு வேலையாகிவிடும். கெட்டியான கித்தான் உறை தைத்து, உள்ளே ஒரு ரப்பர் ஷீட், மேலே மடித்த பவானி ஜமக்காளம். இதுவரை துவைத்துத் தேய்ந்திருக்கிறதே தவிரக் கிழியாதது இது ஒன்றுதான். ஜிப் அடிப்பக்கம் இருக்கட்டும். தையல் விளிம்பு தொடையில் படும் இடத்தில் வரக் கூடாது. துணியை வாங்குமுன் ஒரு துண்டைப் பிள்ளை மடியில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

பீன் பேக் ஆட்டத்தை நன்றாக உள்வாங்கும். ஆனால் தையல் விட்டு உள்ளே இருக்கும் தெர்மோகோல் மணி வெளியே வந்தால் வாயிலும் மூக்கிலும் போகும். வாய்க்குள் எதையும் போடும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ஆடுவதற்கென்றே செய்தது என்றால் நமக்கு ஊஞ்சல் இருக்கிறது. கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டிய ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதில் மாட்டலாம். ஃபேன் கொக்கியில் ஒருபோதும் கூடாது. முன்னும் பின்னும் மூன்றடியாவது காலியிடம் விட வேண்டும். சங்கிலி வளையத்தில் விரல் நசுங்காமலிருக்க, தோட்டத்து ஹோஸ் குழாயை அளவாக வெட்டிச் சங்கிலிமேல் கோத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை ஸ்டூலில் ஏறிக் கொக்கியில் சங்கிலி உரசும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இரும்பு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வளைகால் ஆடுநாற்காலி தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுவரில் போய் இடிக்கும். ரப்பர் பாய் விரித்தால் நிற்கும், ஆனால் வளைகாலின் கீழே தவழும் தம்பி தங்கையின் விரல் மாட்டும்.

பள்ளியில் பெஞ்சும் டெஸ்க்கும் ஒரே சட்டத்தில் பிணைந்த பழைய வகை கிடைத்தால் அதையே கேளுங்கள், அது கவிழாது. தனி நாற்காலி என்றால் முன்கால்கள் இரண்டையும் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டிவிடலாம். பாதத்தால் அதை உந்திக்கொண்டிருந்தால் சில பிள்ளைகளுக்கு உடம்பாட்டம் தானாகக் குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை. ஆட்டத்தை நிறுத்த பெல்ட் போட்டுக் கட்டுவதை மட்டும் எந்த ஆசிரியர் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிள்ளை தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும் வழி அந்த ஆட்டம். வழக்கமான ஆட்டம் திடீரென்று வேகமெடுத்தால் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை இப்படியும் சொல்லும்.

புது இருக்கை வந்த அன்றே பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உடைந்திருந்தால், யாரும் உட்காராதபடி சுவரைப் பார்த்துத் திருப்பி அதே மூலையில் வையுங்கள். புதியதை அதன் பக்கத்தில் போட்டு, பழைய நாற்காலியில் கிடந்த துண்டையே துவைக்காமல் மேலே விரித்துவிடுங்கள். முதல் வாரம் பிள்ளை அதன் பக்கம்கூட வராமல் இருக்கலாம்.