மாசி வீதி எந்த ஊரில் இருக்கிறது?

10 நவம்பர் 2025, திங்கள்

செல்லூர் மாமா தறிக்கூடத்தைக்கூடத் திறக்காமல் காலையிலேயே வந்துவிட்டார். வங்கியிலிருந்து மெயிலாம். கேஒய்சி, அதாவது அடையாளச் சான்று விவரம், புதுப்பிக்காததால் மாலைக்குள் கணக்கு முடங்கும் என்று இருந்தது. "நாளைக்கு நூலுக்குப் பணம் போடணும் மாப்ள, கணக்க மூடிட்டா என்ன செய்றது?"

லோகோ, நிறம், கீழே கிளை முகவரி எல்லாம் அசலைப் போலவே. அனுப்பியவர் பெயரை விரலால் தொட்டதும்தான் உள்ளே இருந்த மெயில் முகவரி தெரிந்தது. வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு தளம். மேலே தெரியும் பெயர் அனுப்புகிறவன் தானே எழுதிக்கொள்வது.

லிங்க்கில் வங்கியின் பெயர் முதலில் இருந்தது. மாமாவுக்கு அதுதான் குழப்பம். "மாமா, மாசி வீதின்னு எந்த ஊர்லயும் ஒரு தெருவுக்குப் பேர் வைக்கலாம். அது மதுரை ஆயிடுமா? கடைசியில இருக்கிற ஊரைப் பாருங்க" என்றேன். இணைய முகவரியிலும் 'https://'க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் உரிமையாளரைச் சொல்லும். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

11 நவம்பர், செவ்வாய்

இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் இணையதளத்தை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. நடுவில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தால் அது வேறு ஊர். மாமாவை இரண்டு முறை எழுதிப் பார்க்கச் சொன்னேன்.

13 நவம்பர், வியாழன்

மனசு ஆறவில்லை. அதே மெயில் மாமாவின் பக்கத்துத் தறிக்காரருக்கும் திங்களன்றே வந்திருக்கிறது. பாஸ்வேர்டு, ஓடிபி இரண்டையும் போட்டுவிட்டார். 38,000 ரூபாய் போய்விட்டது. மூன்று நாளாக வெளியே சொல்லவில்லை, வெட்கம்.

உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போட்டோம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழி உண்டு. நாமே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் வங்கியிடம் புகார் சொல்லும்வரை போனது நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 விதி சொல்கிறது. அந்த மூன்று நாள் வெட்கத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. ஏமாற்றியவன் நிம்மதியாக இருக்கிறான், இவர் தலைகுனிந்து நிற்கிறார்.

வங்கிக் கிளைக்கு அவரோடு நானும் போனேன். புகார் எண்ணோடு நேரத்தையும் எழுதி வாங்கினோம்: 11.40.

திரும்பும்போது, "எம் மகளுக்குத் தெரிய வேணாம் தம்பி" என்றார். நீங்களே சொல்லுங்கண்ணே, அந்த மெயில் அவளுக்கும் வரும் என்றேன். வைகைப் பாலம் தாண்டும்வரை பேசவே இல்லை. பிறகு போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார்.