பெயரைவிடப் பெரிய எழுத்தில் பதவி

எங்கள் மருத்துவமனையில் ஐடி கார்டுகளைப் புதிதாக அடிக்க முடிவானபோது, நர்ஸிங் பிரிவு சார்பாக அந்த வேலை என் தலையில் விழுந்தது. போட்டோவை மாற்றினால் போதும் என்று நிர்வாகம் நினைத்தது. ஆனால் வார்டில் நாங்கள் தினமும் படும் பாடு வேறு. நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும் ஆண் என்றால் டாக்டர், பெண் என்றால் சிஸ்டர். ரவுண்ட்ஸ் முடித்த பெண் மருத்துவரையே நிறுத்தி, "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். இதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். ஸ்கேன் எடுத்த டெக்னீஷியனை டாக்டர் என்று நம்பி, அவர் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தையை வீடு முழுக்கப் பரப்பிவிடுவார்கள், அதுதான் வினை.

முதலில் ஒவ்வொருவரின் பதிவுச் சான்றிதழையும் வாங்கி ஹெச்ஆர் பட்டியலோடு ஒப்பிட்டேன். பட்டியலில் வெறுமனே 'டெக்னீஷியன்' என்றிருக்கும். ஆளைப் பார்த்தால் ஒருவர் லேப், இன்னொருவர் டயாலிசிஸ், மற்றொருவர் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு. சில பயிற்சி மாணவர்களின் கார்டில் 'பயிற்சி' என்பதே இல்லை. அவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை!

பெரிய வாக்குவாதம் 'டாக்டர்' பட்டத்தில்தான். பிஎச்டி முடித்த உளவியலாளர் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். உழைத்து வாங்கியது, ஏன் விடவேண்டும்? பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கட்டும், கீழே 'மருத்துவ உளவியலாளர்' என்பது பெயரைவிடப் பெரிய எழுத்தில் வரட்டும் என்று முடிவு செய்தோம். "நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை" என்பதை இப்போது அவரே முதலில் சொல்லிவிடுகிறார்.

"என்னைத் தெரியாதவர் யார்?" என்று கேட்ட மூத்த சர்ஜன் ஒருவரும் இருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைக் காட்டினேன். கத்தி வைக்கும் முன் குழுவில் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. சிட்னியின் மயக்க மருந்து நிபுணர் ராப் ஹாக்கெட் தன் தியேட்டர் தொப்பியிலேயே பெயரையும் பதவியையும் எழுதிக்கொண்டதையும் சொன்னேன். தொப்பிக்குச் சம்மதிக்கவில்லை, கார்டுக்குச் சரி என்றார்.

கழுத்துக் கயிற்றில் கார்டு எப்போதும் திரும்பியே தொங்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே விவரத்தை அச்சடித்தோம். போன் பேசுவதுதான் இன்னும் சரியாகவில்லை. "வார்டிலிருந்து பேசுறேன்" என்று தொடங்கினால், "பேசுறது யாரு, என்ன பொறுப்பு?" என்று லேபில் திருப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.