சி.டபிள்யூ.டி. சோதனை: ஆய்வகம் வரை போய்த் திரும்பி வந்த மான் தலை

"சோதனைக்கு ஏற்றதல்ல. பெறப்பட்ட திசு: உமிழ்நீர்ச் சுரப்பி."

பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. மூன்று வாரம் காத்திருந்ததற்கு வந்த பதில் இந்த ஒரு வரிதான். அதற்குள் மானைப் புதைத்தாகிவிட்டது, தலையும் அதோடு போய்விட்டது. இன்னொரு முறை வெட்டியெடுத்து அனுப்ப எதுவும் மிச்சமில்லை. மந்தைப் பதிவேட்டில் அந்தக் காது எண்ணுக்கு நேரே 'மாதிரி இல்லை' என்று ஏறியதுதான் மிச்சம்.

சி.டபிள்யூ.டி. என்பது மான்களின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் நோய், ப்ரியான் என்னும் உருமாறிய புரதத்தால் வருவது. அமெரிக்காவில் பண்ணை மான், வேட்டை மான் இரண்டின் தலைகளையும் அதற்கான சோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் சொல்கிறேன். ஆய்வகத்துக்குள் நடப்பதில் பெரிய வில்லங்கம் கிடையாது. காட்டு மான் என்றால் பெரும்பாலும் பதப்படுத்தாத நிணநீர்க் கணுவில் எலைசா என்னும் விரைவான முதற்கட்டச் சோதனை செய்கிறார்கள், அதில் சந்தேகம் எழுந்தால் ஐ.ஹெச்.சி., அதாவது திசுச் சீவலுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. பண்ணை மான் என்றால் வழக்கமாகக் கேட்பது ஃபார்மலினில் ஊறிய திசுவும் ஐ.ஹெச்.சி.யும். பண்ணை மந்தையில் பாசிட்டிவ் போலத் தெரிந்தால் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் இருக்கும் தேசியக் கால்நடை ஆய்வகம் உறுதி செய்கிறது. காரியம் கெடுவதெல்லாம் அதற்கு முன்னால்தான். கத்தி, ஜாடி, படிவம் என்று நம் கையில் இருக்கும் முதல் சில மணி நேரத்தில்.

எந்தத் திசு, ஏன் என்பது தெளிவாக இருந்தால் பாதி தவறு குறையும். வேண்டியவை இரண்டு: தொண்டைக்குப் பின்னால் இருக்கும் ரெட்ரோஃபாரிஞ்சியல் நிணநீர்க் கணுக்கள், மூளைத்தண்டில் ஓபெக்ஸ் என்னும் பகுதி. வெள்வால் மானிலும் மியூல் மானிலும் ப்ரியான் முதலில் கணுக்களில்தான் தட்டுப்படும், மூளைத்தண்டுக்கு வரப் பல மாதங்கள் ஆகும். எல்க் என்னும் பெரிய மான் இனம் அப்படியில்லை. சில எல்க்குகளில் கணு சுத்தமாக இருக்க, ஓபெக்ஸ் மட்டும் பாசிட்டிவ் காட்டும். பண்ணை மந்தைக்கு இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பது இதனால்தான். ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு, 'அதான் அனுப்பினோமே' என்று வாதாடிப் பயனில்லை.

கூட்டாட்சி அரசின் மந்தைச் சான்றிதழ்த் திட்டத்தில் சேர்ந்திருந்தால், 12 மாதமும் அதற்கு மேலும் வயதான எந்த மான் எப்படி இறந்தாலும் தெரிவிக்க வேண்டும், மாதிரி கொடுக்க வேண்டும். நோயில் செத்தது, வேலியில் சிக்கிச் செத்தது, இறைச்சிக்கு வெட்டியது எல்லாமே கணக்கு. சான்றிதழ் கைக்கு வர 5 ஆண்டு தொடர் கண்காணிப்பு ஆகும். அதற்கு நடுவில் மாதிரிகள் விட்டுப்போனால் மந்தையின் நிலையே இறக்கப்படலாம். ஒரு உமிழ்நீர்ச் சுரப்பி அத்தனை விலை.

இனி அந்தக் கணுவைப் பற்றி. தலையை முதல் கழுத்தெலும்பும் மண்டையோடும் சேரும் மூட்டில் பிரித்து, மல்லாக்கப் போட்டுக்கொள்ளுங்கள். குரல்வளைக்குச் சற்று முன்னால், ஒரு தாடைக் கோணத்திலிருந்து மறு கோணம் வரை, எலும்பு தட்டும் ஆழத்துக்குக் குறுக்கே வெட்டிக் குரல்வளையைப் பின்னால் மடக்கினால் தொண்டையின் பின்சுவர் தெரியும். நடுக்கோட்டுக்கு இருபுறமும், மண்டையடியை ஒட்டினாற்போல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கணுக்கள் இருக்கும். வழவழப்பாக, முட்டை வடிவில், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் கெட்டியாக இருக்கும். அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும். தாடைக்கு அடியில் தோலை உரித்ததும் முதலில் கண்ணில் படுவது இதுவல்ல. அது உமிழ்நீர்ச் சுரப்பி. நாங்கள் ஏமாந்தது அங்கேதான். அது திராட்சைக் கொத்துபோலச் சின்னச் சின்னப் பிரிவுகளாக இருக்கும், நிறத்தில் இளஞ்சிவப்பு கூடுதல். சந்தேகம் வந்தால் பாதியாக அறுத்துப் பாருங்கள். கணுவின் வெட்டுமுகம் ஒரே சீராக, ஓரத்தில் வேறு நிறப் பட்டையோடு இருக்கும். சுரப்பியின் வெட்டுமுகம் மணிமணியாகப் பிரிந்து தெரியும். ஃபார்மலினில் போட்டால் கொழுப்பு மிதக்கும், கணு மூழ்கும் என்பது பழைய உத்தி. கொழுப்பைக் கழிக்க அது உதவும். சுரப்பியும் மூழ்குமாதலால் அதை நம்பி மட்டும் மூடியைத் திருகிவிடாதீர்கள்.

இரண்டு பக்கக் கணுக்களையும் எடுங்கள். ஒரு பக்கத்தில் நோய் தெரியாமல் மறு பக்கத்தில் தெரிவதும் உண்டு.

ஓபெக்ஸ் எடுக்கப் பொறுமை வேண்டும். மண்டையோட்டின் அடித்துளையில் தண்டுவடத்தின் வெட்டுமுனை வெள்ளையாகத் தெரியும். அதைச் சுற்றியிருக்கும் உறையையும் நரம்புகளையும் நீளமான மெல்லிய கத்தியாலோ ஒடுங்கிய கரண்டியாலோ எலும்போடு ஒட்டி அறுத்துவிட்டு, உள்ளே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போய், சிறுமூளையிலிருந்து பிரித்து, முழுத் துண்டாக வெளியே எடுக்க வேண்டும். மேற்பக்கம் ஆங்கில 'வி' எழுத்து போன்ற பள்ளம் தெரிந்தால் சரியான இடம். அந்த 'வி'யின் முனைதான் ஓபெக்ஸ். நோய்க்கு முதலில் இடம் கொடுக்கும் நரம்பணுத் தொகுதி அதைச் சுற்றித்தான் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பின்தங்கி வெறும் தண்டுவடத்தை அனுப்பினால் ஆய்வகம் அதை ஒதுக்கிவிடும். எடுக்கும்போது அமுக்கக் கூடாது. பதப்படுத்தாத மூளைத்திசு தயிர்போல இளகியிருக்கும், விரல் பட்ட இடம் குழைந்துவிடும்.

வலியின்றிக் கொல்ல வேண்டி நெற்றியில் சுட்டால் ஓபெக்ஸ் பெரும்பாலும் சிதறிவிடும். மருந்து ஊசிக்கு வாய்ப்பிருந்தால் அது நல்லது. சிதறிவிட்டாலும் கணுக்களை அனுப்புங்கள், படிவத்தில் காரணத்தை எழுதுங்கள்.

கோடை முடியும் தருவாயில் ஈ.எச்.டி. என்னும் ரத்தக்கசிவு நோயில் மான்கள் குளக்கரையில் செத்துக் கிடக்கும். கண்டுபிடிக்கும்போது இரண்டு நாள் ஆகியிருக்கும், மூளை கூழாகியிருக்கும். 'இனி இதில் என்ன இருக்கிறது' என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. கணு மூளையைவிடத் தாக்குப்பிடிக்கும். ப்ரியான் புரதம் அழுகலுக்கு லேசில் மசியாது. கூழையும் கணுவையும் எடுத்து, பதப்படுத்தாமலே அனுப்பலாமா என்று ஆய்வகத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். ஏற்றுக்கொண்ட அனுபவம் உண்டு. வெயில் காலத்தில் நாளுக்கு இருமுறை வேலி சுற்றிப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட உதவும்.

ஃபார்மலின்: 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலின், திசு ஒரு பங்கு என்றால் திரவம் பத்துப் பங்கு. ஜாடியில் திசுவைத் திணித்துத் திரவத்தைத் தொட்டுக்கொள்ளும் அளவு ஊற்றினால் வெளிப்புறம் பதமாகி, உள்ளே அழுகும். பெரிய கணுவை நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் போடுங்கள். ஓபெக்ஸை வெட்டாதீர்கள். வாய் அகன்ற ஜாடி வாங்குங்கள். உள்ளே போகும்போது மிருதுவாக வளைந்து போன திசு, ஊறிய பிறகு ரப்பர்போல விறைத்துக்கொண்டு குறுகிய வாய் வழியே வெளியே வராது. ஃபார்மலினில் போட வேண்டியதை உறைய வைக்காதீர்கள், பனிப் படிகங்கள் திசுவைக் கிழித்துவிடும். எலைசாவுக்கான பதப்படுத்தாத கணுவை உறைய வைப்பதில் சிக்கலில்லை. ஒரு மானுக்கு ஒரு ஜாடி. இடம் மிச்சம் பிடிக்க இரண்டு மானை ஒரே ஜாடியில் போட்டால் இரண்டும் வீண்.

காது எண்ணை ஜாடியின் உடலில் எழுதுங்கள், மூடியில் மட்டும் எழுதினால் மூடிகள் இடம் மாறும். பென்சிலோ ஃபார்மலினுக்கு அழியாத மையோ வேண்டும், சாதாரண மார்க்கர் ஒரு சொட்டுக் கசிவில் கரைந்தோடிவிடும். காதில் இருக்கும் டேக்குகளைக் கழற்றி அனுப்பாமல், அவற்றோடு காதுத் துண்டையும் அறுத்துச் சேர்த்து அனுப்ப வேண்டும். பாசிட்டிவ் வந்தால் 'இது எங்கள் மானே இல்லை' என்ற சண்டை வரும். அப்போது காதுத் தோலின் டி.என்.ஏ.வையும் கணுவின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். காது ஃபார்மலினுக்குள் போகக் கூடாது, தனிப்பையில் போக வேண்டும்.

படிவத்தில் நடந்ததைச் சொன்னால் இன்னும் எரிச்சல் வருகிறது. காது எண்ணில் கடைசி இலக்கம் ஜாடியில் 3, தாளில் 8. தவறு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. தொலைபேசி எண்ணுக்கான கட்டத்தில் எண் தெளிவாக இருந்தும் யாரும் அழைக்கவில்லை. பெட்டி ஓர் அலமாரியில் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தது. நாமாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அதுவா, எண் ஒத்துப்போகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்றார் அந்த ஊழியர், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. திருத்தக் கடிதம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. பெட்டி போய்ச் சேர்ந்த மறுநாளே கூப்பிட்டு 'பதிவாகிவிட்டதா, எண் என்ன' என்று கேட்டுவிடுங்கள். இப்போது ஒருவர் ஜாடியில் இருப்பதை வாசிக்க, மற்றவர் தாளைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்க்கிறோம்.

ஃபார்மலின் ஜாடியைக் கசிவு உறிஞ்சும் தாளில் சுற்றி, கசியாத பைக்குள் வைத்து, பிறகு பெட்டி. வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள்.

வேட்டைக்காரர்களுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. பல மாநிலங்களில் தலையைப் பையில் கட்டி, படிவத்தை நிரப்பி, சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம், கணுவை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கழுத்தில் ஒரு சாண் அளவாவது தலையோடு விட்டு வையுங்கள். தாடையை ஒட்டி நறுக்கென்று வெட்டினால் கணு உடலோடு போய்விடும். கொம்பை முன்பே அறுத்து வைத்துக்கொள்ளலாம். தலையைப் பாடம் பண்ணக் கொடுப்பதாக இருந்தால், மாதிரி எடுத்த பிறகுதான் அங்கே போக வேண்டும், அல்லது பாடம் பண்ணுபவரே எடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கொம்புக்காக மண்டையை வேகவைத்துவிட்டால் கதை முடிந்தது. சுட்ட இடத்தை 'நெடுஞ்சாலைக்குக் கிழக்கே' என்று எழுதாதீர்கள். நோய் எங்கே பரவுகிறது என்று பார்ப்பதுதான் அரசுக்கு இந்தச் சோதனையின் பயன், வரைபட இடம் துல்லியமாக வேண்டும். கிழித்துக் கொடுக்கும் ரசீதை உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த எண் இல்லாமல் முடிவைத் தேட முடியாது.

முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாக, பெயர் எழுதி உறைய வையுங்கள். வெட்டித் தருபவரிடம் 'என் மானைத் தனியாகச் செய்யுங்கள்' என்று முதலிலேயே சொல்லுங்கள். பல மான்களின் துண்டுகளைக் கலந்து சாஸேஜ் போட்ட பிறகு அதில் ஒன்று பாசிட்டிவ் என்றால், மொத்தத் தொகுதியும் போச்சு. பாசிட்டிவ் மான் இறைச்சியைச் சாப்பிடாதீர்கள் என்கிறது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக உறுதியான ஒரு நிகழ்வும் இல்லை, ஆனால் சமைத்தால் ப்ரியான் அழியாது.

உயிரோடிருக்கும் மானைச் சோதிக்க முடியாதா என்று எல்லாரும் கேட்பார்கள். மலக்குடல் ஓரத்துச் சவ்விலிருந்தோ டான்சிலிலிருந்தோ சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம், ஆனால் நோய் தொடங்கிய காலத்தில் தவறவிட வாய்ப்பு அதிகம். வயதான மான்களில் அந்தச் சவ்வில் நிணநீர்த் திரள்களே குறைந்துபோவதால் எடுத்த துண்டு பயன்படாமலும் போகும். நோய் வந்த மந்தையில் எது பாதிக்கப்பட்டது என்று தேட உதவும். தனி மானுக்கு நற்சான்று கொடுக்க உதவாது.

கத்திகள்: சதைத் துணுக்கு ஒன்றும் ஒட்டாமல் தேய்த்துக் கழுவிய பிறகு, வீட்டு ப்ளீச் இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து ஐந்து நிமிடம் ஊறவைக்கவும். 2019-இல் வெளியான ஆய்வில் எஃகுப் பரப்பில் சி.டபிள்யூ.டி. ப்ரியானை இது செயலிழக்கச் செய்தது. திசுவுக்குள் ப்ளீச் இறங்காது, அதனால்தான் முதலில் தேய்ப்பு. ஃபார்மலின் ப்ரியானைக் கொல்லாது. மிஞ்சிய ஃபார்மலின் திசுவையும் தொற்றுள்ளதாகவே நினைத்துக் கையுறையோடு தொடுங்கள்.

கடைசியாக, முடிவுத் தாளில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. தொற்றி ஒன்றரை ஆண்டுக்கு மேல் வெளியே தெரியாமல் கிடக்கும் நோய் இது, முதல் சில மாதங்களில் கணுவில்கூடச் சிக்காது.

அடுத்த மானுக்கு, ஜாடியில் போடுவதற்கு முன் இரண்டு கணுக்களையும் அறுத்து வைத்து, பக்கத்தில் காது டேக் தெரியும்படி ஒரு படம் எடுத்து, படிவத்தோடு அனுப்பினோம். தாள் வந்தது: இடது கணு ஏற்றது, வலது கணு ஏற்றது, ஓபெக்ஸ் ஏற்றது. முடிவைவிட அந்த மூன்று 'ஏற்றது'களைத்தான் முதலில் படித்தோம்.