சுளுக்கு: தைலத்தை எடுக்கும் முன் எலும்பை அழுத்திப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மழை பெய்த மறுநாள் செம்பனை மட்டை வழுக்கும், வாய்க்கால் ஓரத்தில் பூட்ஸ் சறுக்கும். பாதம் உள்பக்கமாக மடங்கும். அப்போது பெரும்பாலும் அடிபடுவது கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் பிணைத்திருக்கும் நார். இதுதான் சுளுக்கு. குலை தூக்கும்போது இடுப்பில் வெடுக்கென்று பிடிப்பது வேறு. அங்கே இழுபட்டது தசை.

வீட்டில் முதலில் தேடுவது கோடாரித் தைலம். அதற்கு முன் எலும்பைப் பார்க்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதி இன்றும் பயன்படுகிறது. கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியையும், பின்விளிம்பில் மேல்நோக்கி 6 செ.மீ. வரையும் விரலால் அழுத்துங்கள். பிறகு சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பு, உள்பக்க நடுப்பாத எலும்பு. எங்காவது எலும்பின்மேலேயே வலித்தாலோ, நொண்டிக்கூட நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுங்கள். வீக்கத்தின் அளவை வைத்து முறிவைக் கணிக்காதீர்கள். வெறும் சுளுக்கும் பயங்கரமாக வீங்கும். கால் கோணியிருந்தால், விரல் மரத்தால், வெளுத்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

முறிவு இல்லையென்றால் ஐஸ். துணியில் சுற்றி 15–20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், முதல் இரண்டு நாள். வெறும் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஐஸ் வேண்டாம். அவர்களுக்கு வலியில்லாமல் பாதம் சூடாகி வீங்கினால் அதைச் சுளுக்கு என்று விடக்கூடாது.

மூன்று அங்குல எலாஸ்டிக் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி, குதிகாலைச் சுற்றி எட்டு வடிவில் மேலே கொண்டுபோங்கள். பலரும் கணுக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டுகிறார்கள். நீர் கீழே இறங்கிப் பாதம் வீங்கிவிடும். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தூங்கும்போது கழற்றிவிட்டு, காலைத் தலையணையில் நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள்.

சுளுக்கு வழிக்கும் தாத்தாவிடம் போகக்கூடாதா? முதல் மூன்று நாள் வேண்டாம். கிழிந்த நாரிலிருந்து உள்ளே ரத்தம் கசியும் நேரம் அது. தேய்ப்பதும் சூடு வைப்பதும் கசிவைக் கூட்டும். படக்கென்று இழுத்துவிடுவது எப்போதுமே வேண்டாம்.

வலிக்கு பனடோல் (பாராசிட்டமால்) 500 மி.கி. இரண்டு மாத்திரை, பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. காய்ச்சலும் இருந்தால் டெங்கியாக இருக்கலாம். அப்போது வோல்டரன், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள்.

இடுப்புப் பிடிப்புக்கு முழுநாள் படுக்கை கூடாது, மெல்ல நடமாடுங்கள். கால் பலமிழந்தால், இருகால் நடுவே மரத்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றே ஆஸ்பத்திரி.

கணுக்கால் ஊன்ற முடிந்ததும் பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள். பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் 30 விநாடி. இதை விட்டவர்களுக்குத்தான் அதே கால் மறுபடி மறுபடி மடங்குகிறது.

வேலையில் நடந்ததா? அன்றே மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளர்) சொல்லி, கிளினிக் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவித்தாக வேண்டும்.