ஏற்காட்டுக் கூலியும் சட்டமன்ற ஊதியமும்

2013 டிசம்பர் 4 அன்று ஏற்காடு தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அதுவரை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளை எட்டிப் பார்க்காத அமைச்சர்கள் பலர் மலையேறி வந்து, என் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டு வாக்குக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் முதன்முதலாக நோட்டா பொத்தான் வைக்கப்பட்ட தேர்தலும் அதுவே. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தியும், எந்தக் கட்சியும் அதற்காக வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

2017-இல் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அப்போதைய முதல்வர் எங்கள் சேலம் மாவட்டத்துக்காரர்தான் என்பதில் எங்களுக்குப் பெருமை வேறு!

அம்மா இன்றும் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, சில்வர் ஓக் மர நிழலில், சரிவில் கால் வழுக்காமல் நின்று, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கிறார். மாலையில் தராசில் ஏற்றும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் எடையைக் கழித்துவிட்டு, பச்சைக்காய் கலந்திருப்பதாகச் சொல்லி மேஸ்திரி இன்னும் கொஞ்சம் கழிப்பார். கூலியைக் கூட்டிக் கேட்டால் காப்பி விலை சரிந்துவிட்டது என்பார்கள். விலை ஏறிய ஆண்டிலும் இதே பதில்தான் வந்தது.

தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கள் லயன் கூரை இன்னும் ஒழுகுகிறது. அடுத்த முறை கரைவேட்டியோடு வருபவர்கள், முதலில் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மாலை முழுவதும் நிற்கட்டும். வாக்கைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.