பூனைக்கு நெஞ்சில் நீர்: துளை வழி ஆபரேஷன் அனுபவம்

நெஞ்சில் நீர் கோத்த பூனை இருமித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எங்கள் பூனை மிளகு சாப்பாட்டைக் குறைத்தான், கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டான், மூச்சுவிடும்போது வயிறும் சேர்ந்து ஏறி இறங்கியது. தூங்கும் பூனையின் மூச்சு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். இவனுக்கு 50ஐத் தாண்டியது. நாங்கள் இருப்பது அமெரிக்காவில். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எடுத்தவுடன் எக்ஸ்ரே எடுக்கவில்லை. திணறும் பூனையை அழுத்திப் பிடித்தாலே உயிர் போய்விடலாமாம். ஆக்சிஜன் கூண்டு, அப்புறம் அல்ட்ராசவுண்ட், அப்புறம் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள்.

சிரிஞ்சில் வந்தது ரோஸ் மில்க் போல இருந்தது. கைலோதோராக்ஸ் என்றார்கள். குடல் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்துகொண்டு நிணநீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக நெஞ்சுக்குள் ஏறி, இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கலக்கிறது. வழியில் அது கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்குவதுதான் இந்த நோய். ரத்தத்தைவிட அந்த நீரில் ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை. இதயக் கோளாறு, இதயப்புழு, நெஞ்சுக்குள் கட்டி ஆகியவற்றாலும் வரும் என்பதால் எல்லாம் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

கொழுப்பு குறைந்த உணவு, ரூட்டின் என்ற தாவரச் சத்து மாத்திரை என்று கொஞ்ச காலம் பார்த்தோம். நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தது. எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன என்று சர்ஜனிடம் கேட்டேன். அந்த நீர் நுரையீரலின் மேலுறையை உறுத்தித் தடிக்க வைத்துவிடும், அப்புறம் நீரை முழுதாக எடுத்தாலும் நுரையீரல் விரியாது என்றார். எங்களை முடிவெடுக்க வைத்தது இந்த ஒரு பதில்தான். கசியும் குழாயை அடைக்கும் ஆபரேஷனைச் செய்வதென்றால் சீக்கிரம் செய்ய வேண்டும்.

தோரகோஸ்கோப்பி, அதாவது நெஞ்சில் துளை போட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்வது என்றதும் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். துளைதான் சின்னது. உள்ளே நடப்பது நெஞ்சைத் திறந்து செய்யும் அதே ஆபரேஷன். வென்டிலேட்டர்தான் மூச்சுவிட வைக்கிறது. கேமரா வழியே முடியாமல் போனால் நெஞ்சைத் திறப்போம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். நாலு கிலோ பூனையின் நெஞ்சில் கருவிகள் திரும்ப இடம் எவ்வளவு இருக்கும்!

முதலில் நிணநீர் முடிச்சில் சாயம் செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் எங்கே கிளை பிரிகிறது என்று அதில் தெரியும். ஒரு கிளை விட்டுப்போனாலும் கசிவு தொடரும். ஆபரேஷன் நடக்கும்போது இண்டோசயனின் கிரீன் சாயம் போட்டால், அகச்சிவப்புக் கேமராவில் குழாய் ஒளிர்கிறது. பூனைக்கு இந்தக் குழாய் இடப்பக்கம் ஓடுவதால் இடது விலா எலும்புகளுக்கு நடுவே துளை போட்டு, கிளைகள் எல்லாவற்றுக்கும் கிளிப் போட்டார்கள். பிறகு மல்லாத்திப் படுக்க வைத்து இதயத்தைச் சுற்றிய உறையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். உறை தடித்திருந்தால் நாளங்களில் அழுத்தம் கூடி நிணநீர் இதயத்தை நோக்கி வடியத் தடையாகிறது; அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

வெளியே வந்தவனுக்கு நெஞ்சில் ஒரு டியூப். நர்ஸ் அடிக்கடி அதில் வருவதை உறிஞ்சி அளந்து எழுதுவார். பால் நிறம் போய்த் தெளிவான நீராக மாறி, அதுவும் குறைந்த பிறகே டியூபை எடுத்தார்கள். வலிக்கு ஓபியாய்டு மருந்து போட்டதில் கண்மணி விரிந்து ஆளே மாறியிருந்தான். ஆனால் தையல்கள் விரல் நுனி அளவுதான், நடக்கத் தொடங்கவும் நேரமாகவில்லை. துளை வழியின் லாபம் இங்கேதான் தெரிகிறது.

செலவு பல ஆயிரம் டாலர். இன்சூரன்ஸ் பாதி கொடுத்தது, அதுவும் நோய் வருவதற்கு முன்பே எடுத்திருந்ததால். எக்ஸ்ரே இப்போது சுத்தமாக இருக்கிறது. திரும்பவும் வரலாம் என்று சொல்லியிருப்பதால் தூங்கும்போது மூச்சை எண்ணுவதை விடவில்லை.

உங்கள் பூனைக்கும் இதே நிலை என்றால், சர்ஜனிடம் இந்த ஆபரேஷனைப் பூனைகளுக்கு எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாய்க் கணக்கைச் சொன்னால், பூனைக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.