ஒரு டவுட்

"ஐ டவுட் தி ஓ-ரிங் இஸ் டேமேஜ்டு." மெயிலில் இருந்தது இந்த ஒரு வரிதான். கீழே லாட் நம்பர், மூன்று போட்டோ. வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்கு வந்தது. ஷாங்காய் துறைமுகத்துக்கு லாரி கிளம்ப ஐந்து மணி. "நோட்டட், தேங்க்ஸ்" என்று பதில் போட்டுவிட்டு, அந்த லாட் பம்புகளை அனுப்பலாம் என்று ரிலீஸ் செய்தேன்.

அன்று காலை அசெம்பிளி லைனில் ஒருவர், பம்பு ஒழுகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் வெட்டுப் பட்ட மாதிரி தெரிகிறது என்று சொல்லியிருந்தார். பார்த்துச் சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் கேட்டது நான்தான். அவர் பார்த்தார், எழுதினார். 'சேதமாகியிருக்கும் என்று தோன்றவில்லை' என்று நான் படித்துக்கொண்டேன். அவர் எழுதியதோ 'சேதமாகியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.'

ஆங்கில அகராதிப்படி நான் படித்ததுதான் சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீட்டிங்கிலும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

சீன மொழியில் 'ஹுவாய்யி' என்று ஒரு சொல் இருக்கிறது. அவநம்பிக்கைக்கும் அதுதான், சந்தேகத்துக்கும் அதுதான். அந்தப் பெண் பிறகு என்னிடம் காட்டிய பரீட்சை வார்த்தைப் புத்தகத்தில் 'டவுட்' என்பதற்கு எதிரே ஹுவாய்யி, பல பக்கம் தள்ளி 'சஸ்பெக்ட்' என்பதற்கு எதிரேயும் ஹுவாய்யி. இதை மனப்பாடம் செய்துதான் கல்லூரி மாணவர்கள் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார்கள். அகரவரிசைப்படி போகும் அந்த மாதிரிப் புத்தகங்கள் 'அபாண்டன்' என்ற சொல்லில் ஆரம்பிக்கும். முதல் வார்த்தையே 'கைவிடு', அதோடு படிப்பையும் கைவிட்டோம் என்று சீனாவில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சொல் எப்போதும் 'அபாண்டம்' என்றுதான் காதில் விழும். சரி, அது வேறு.

இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே சீனச் சொல் என்பது எனக்குப் புதிதல்ல. அதற்கு முன் ஆறு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சீனாவில், சூச்சோ நகரத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். அந்த அரை மணித் தூக்கத்தை விட்டுவிட்டு எட்டுப் பேர் வருவார்கள். மேனேஜர் என்னைப் போட்டதற்கு ஒரே காரணம், இந்தியர்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று அவர் நம்பியதுதான். நான் குவாலிட்டி இன்ஜினியர், வாத்தியார் அல்ல.

ஆனாலும் வகுப்பு நன்றாகத்தான் போனது. 'ஜியெ' என்றால் கடன் வாங்குவதும் அதுதான், கொடுப்பதும் அதுதான். அதனால் "கேன் யூ பாரோ மீ எ பென்" என்று கேட்பார்கள். 'கான்' என்றால் பார்: டிவி பார்ப்பதும் அது, டாக்டரைப் பார்ப்பதும் அது, புத்தகம் படிப்பதும் அது. லுக், சீ, வாட்ச், ரீட் நான்கையும் அந்த ஒன்றுக்குள் அடக்கி வைத்திருப்பார்கள். கதவைத் திறப்பதும் விளக்கைப் போடுவதும் கார் ஓட்டுவதும் கூட்டம் நடத்துவதும் 'காய்'. அதனால்தான் "ஓப்பன் தி லைட்". நம் ஊரில் அதையே "லைட்டைப் போடு" என்று நினைத்து "புட் தி லைட்" என்பார்கள் என்று சொன்னபோது எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

அவர்கள் மொழி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் என்றும் இல்லை. அங்கிள் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அவர்களுக்கு ஆச்சரியம். அப்பாவின் அண்ணன் போபோ, தம்பி ஷூஷு, அம்மாவின் சகோதரர் ஜியூஜியூ. நான் பலகையில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று எதிரெதிரே எழுதிக் காட்டினேன். அந்தப் பெண் அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். எங்கள் இரண்டு மொழியும் ஒரே பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கம் என்று அன்று எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உறுத்துகிறது.

480 பம்புகள் ஜெர்மனிக்குப் போயின. கடலில் ஐந்து வாரம். அங்கே டெஸ்ட்டில் 11 பம்புகள் ஒழுகின. புகார் வந்த அன்றே மீட்டிங். இன்ஸ்பெக்‌ஷனில் ஏன் பிடிபடவில்லை என்று மேனேஜர் கேட்டார். மெயில் அனுப்பினேன் என்று அந்தப் பெண் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மெயிலைத் திரையில் போட்டு, இந்த வாக்கியத்துக்கு 'சேதமில்லை என்று நினைக்கிறேன்' என்றுதான் அர்த்தம் என்றேன். யாரோ போனில் அகராதி எடுத்துப் பார்த்தார். இன்னொருவர் எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றைச் சத்தமாகப் படித்தார். நான் சொன்னது சரி என்று ஆனது.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாத பெர்ஃபார்மன்ஸ் தொகையில் 300 யுவான் பிடித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

பொய் சொன்னேனா? இல்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் திரையில் வரியைப் பெரிதாக்கிக் காட்டியபோது கீழே இருந்த மூன்று போட்டோக்களும் திரைக்கு வெளியே போய்விட்டன. வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். வளையத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்கும் ஒருத்தர் எதற்காக அதை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்து அனுப்பப் போகிறார்? அன்று மதியம் போனில்தான் பார்த்தேன். கறுப்பு ரப்பர், கறுப்புப் பின்னணி, ஒன்றும் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்க்கவில்லை. லாரி நின்றுகொண்டிருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இருபது விநாடி.

ஆனால் லாரி என் சாக்கா, நிஜக் காரணமா என்று எனக்கே இன்னும் தீரவில்லை. நல்ல செய்தியாக எதைப் படிக்க முடியுமோ அதை நல்ல செய்தியாகப் படித்துவிட்டேன் என்று சில நாள் தோன்றும். ஒரு நாளைக்கு எண்பது மெயில் வருகிறவன் ஒவ்வொரு வரியையும் இரண்டு அர்த்தத்தில் படித்துக்கொண்டிருக்க முடியுமா என்று மற்ற நாள் தோன்றும்.

அடுத்த புதன்கிழமை நான் செய்ததுதான் இதையெல்லாம் விட மோசம். அப்போது அது மோசமாகத் தெரியவில்லை, பொறுப்பாகத் தெரிந்தது. பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினேன். பெயர் சொல்லவில்லை. ஓ-ரிங் என்பதை மட்டும் 'பாக்ஸ்' என்று மாற்றினேன். எட்டுப் பேருக்கும் தெரியும், எட்டில் ஒருவர் அவர். டவுட் என்றால் 'அப்படி இருக்காது' பக்கம் சாய்வது, சஸ்பெக்ட் என்றால் 'அப்படித்தான் இருக்கும்' பக்கம் சாய்வது என்று ஒரு தராசு படம் போட்டு விளக்கினேன். நல்ல விளக்கம். இன்றைக்கும் யாருக்காவது சொல்லவேண்டும் என்றால் அந்தத் தராசைத்தான் போடுவேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்தால் பலகையைத் துடைப்பது எப்போதும் அவர்தான். அன்றும் துடைத்தார். துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்:

"நீங்களும் டவுட் என்றுதானே சொல்வீர்கள், கோங்? ஏதாவது சரியில்லை என்றால்."

கோங் என்பது அங்கே இன்ஜினியரைக் கூப்பிடும் மரியாதைச் சொல். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒவ்வொரு மீட்டிங்கிலும் நான் கையைத் தூக்கி "ஐ ஹேவ் எ டவுட்" என்றுதான் ஆரம்பிப்பேன். ட்ராயிங்கில் அளவு இடித்தால் டவுட். சப்ளையர் அனுப்பிய சர்டிபிகேட்டில் தேதி முன்பின்னாக இருந்தால் டவுட். நம் ஊர்க் கல்லூரியில் "சார், ஒரு டவுட்" என்று எழுந்து நின்ற பழக்கம், அங்கே வரை கூடவே வந்திருக்கிறது. நான் டவுட் என்று சொன்ன பிறகு பெரும்பாலும் ஏதோ ஒரு கோளாறு வெளியே வந்திருக்கிறது. புத்தகத்தில் இருந்த ஹுவாய்யியும் என் வாயில் இருந்த டவுட்டும் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

நான் சொன்ன பதில்: "அது இந்தியன் இங்கிலீஷ். மெயிலில் அப்படி எழுதக்கூடாது."

"ஓகே" என்றார். துணியை உதறிவிட்டுப் போனார்.

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். தவறான பதில் இல்லை. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் அதே வரியை எனக்கு அனுப்பியிருந்தால்? "ஐ டவுட் தி ஓ-ரிங் இஸ் டேமேஜ்டு, சார்." ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன். வளையம் போச்சு என்று லாரியை நிறுத்தியிருப்பேன். 'அவன்தான் எடுத்திருப்பான்னு டவுட்டா இருக்கு' என்று வளர்ந்தவன் நான். அவன் பேச்சைச் சந்தேகப்படுகிறேன் என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். அவன் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன் என்றால் எடுத்தான் என்றே நினைக்கிறேன் என்று அர்த்தம். ஒரே சொல், இரண்டு பக்கமும் சாயும். ஹுவாய்யியும் ஏறக்குறைய அப்படியேதான், பின்னால் வருவதைப் பார்த்துச் சாயும். பெரியப்பா சித்தப்பா பட்டியல் போட்டுச் சந்தோஷப்பட்ட எனக்கு, இந்த ஒரு சொல்லில் மட்டும் நாங்கள் ஒரே பக்கம் என்று ஏன் தோன்றவில்லை? ஒரு சீனப் பெண் எழுதிய ஆங்கிலம் என்றதும் நான் ஏன் லண்டன்காரனாகிவிட்டேன்?

இதற்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம், தொழிற்சாலையில் ஒரு பொது மொழி வேண்டும், அவரவர் ஊர் ஆங்கிலத்தை அவரவர் எழுதினால் லாரி எப்போதும் தப்பான ஊருக்குத்தான் போகும் என்பது. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பொது மொழியும் கல்லில் எழுதியது இல்லை போலிருக்கிறது. தூக்கம் வராத ஒரு ராத்திரி தேடிப் பார்த்தேன். ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில், அப்பாவின் ஆவி வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஹாம்லெட் ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறான். ஷேக்ஸ்பியர் அங்கே போட்டிருக்கும் சொல் டவுட். சஸ்பெக்ட் அல்ல. ஸ்காட்லாந்தில் மழை வரும்போல இருக்கிறது என்பதற்கு இன்றும் 'ஐ டவுட்' என்று சொல்கிறவர்கள் உண்டாம். ஆக, அந்த மெயில் ஷேக்ஸ்பியரின் ஆங்கிலத்தில் சரி, ஸ்காட்லாந்தில் சரி, கோயம்புத்தூரில் சரி. மீட்டிங் அறையில் யாரோ போனில் எடுத்த அகராதியில் மட்டும் தப்பு.

இதை அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் யாருக்கு ஆறுதல்? 300 யுவான் திரும்பி வராது. எனக்குத்தான் லேசாகும். அதனால் சொல்லவில்லை. அதனால்தானா என்பதும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் மெயிலில் டவுட்டும் இல்லை, சஸ்பெக்ட்டும் இல்லை. ஓகே, நாட் ஓகே, இரண்டே சொல்தான். முன்பெல்லாம் 'ஒருவேளை அச்சில் பிசிறு இருக்கலாம், இரவு ஷிஃப்ட்டில் கேட்டுப் பார்க்கிறேன்' என்ற மாதிரி தட்டுத்தடுமாறி நான்கு வரி எழுதுவார். இப்போது மெயில்கள் தெளிவாகிவிட்டன என்று மேனேஜர் என்னைப் பாராட்டினார்.

புகாருக்கு ஜெர்மனிக்காரர்களுக்கு அனுப்பிய 8டி ரிப்போர்ட்டை, அதாவது கோளாறின் காரணத்தையும் தீர்வையும் எட்டுக் கட்டமாக எழுதும் ரிப்போர்ட்டை, எழுதியதும் நான்தான். ஃபோர்டு நிறுவனம் 1987-இல் வகுத்த அந்த முறையில் நான்காவது கட்டம் மூல காரணத்துக்கு. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக் கீழே இறங்கவேண்டும். ஏன் ஒழுகியது, வளையத்தில் வெட்டு. வெட்டுப்பட்டது ஏன் வெளியே போனது, லாட் ரிலீஸ் ஆனது. ஏன் ரிலீஸ் ஆனது, இன்ஸ்பெக்டரின் தகவல் தெளிவாக இல்லை. ஏன், ஆங்கிலத் திறன் போதவில்லை. அந்த நான்கோடு நிறுத்திவிட்டு, தீர்வு என்ற இடத்தில் 'வாராந்திர ஆங்கில வகுப்பு தொடரும்' என்று எழுதினேன். ஐந்தாவது ஏன் கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கஸ்டமர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டு மூடிவிட்டார்கள்.

மூடிய ரிப்போர்ட்டை மறுபடி திறக்க முடியாது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். திறக்கலாம். அதற்கு ஒரு ஃபார்ம் இருக்கிறது, ஒரு பக்கம்தான்.